ஒரு மணிக்கு வரும் ஆடு

வேலி அலாரம் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை பொய் அலாரம் வரைக்கும் பரவாயில்லை, சார்? நானும் முப்பது வருடம் இதே கேள்வியோடுதான் ஊர் ஊராகத் திரிந்தேன். வாடிக்கையாளர் ஒரு எண் சொல்வார். நம் கம்பெனி அதைவிடக் குறைவாக ஒரு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடும். அந்த எண்ணுக்குள் வேலியை அடக்கிக் கொடுப்பது நம் பாடு. அடக்கிக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயருக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. இனி என்னை யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாது என்பதும் இதை எழுத ஒரு தைரியம்.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் தாண்டி உள்ளே போனால் ஒரு சோலார் மின் நிலையம் இருக்கிறது. எண்பது ஏக்கர். நான் போவதற்கு முந்தைய வருடம் இரண்டு தடவை யாரோ வேலியை வெட்டி உள்ளே புகுந்து காப்பர் கேபிளை உருவிக்கொண்டு போயிருந்தார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் முகத்தைத் தூக்கிக்கொள்ள, வேலி முழுக்க நம் அலாரம் போடுவது என்று முடிவாயிற்று. கம்பி வலை நெடுகக் கட்டிய கேபிள், யாராவது வலையை வெட்டினால் அல்லது ஏறினால் அந்த அதிர்வை உணர்ந்து காவல் கேபினில் இருக்கும் பஸ்ஸரை அடிக்க வைக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாடம். ஆனால் அந்தக் கேபிளுக்குத் திருடனும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். எது யார் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கத்தான் நம்மைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

வேலியைத் துண்டு துண்டாக ஜோன்களாகப் பிரித்திருந்தோம், முதல் வாரம் அது என்னைப் படுத்தி எடுத்தது. எட்டாம் ஜோனில் சாயங்காலம் ஆனால் அலாரம் மேல் அலாரம். போய்ப் பார்த்தால், 'அபாயம்' என்று மண்டை ஓடு போட்ட தகர போர்டு ஒன்று, ஒரே ஒரு போல்ட்டில் தொங்கிக்கொண்டு காற்றுக்கு வலையில் மோதிக்கொண்டிருந்தது. அபாயம் என்று எழுதியவர்களே அதை ஒழுங்காக முடுக்கவில்லை. மூன்றாம் ஜோனில் கோவைக்கொடி. ஐந்தில் மயில்கள். வேலிமேல் ஏறி உட்கார்ந்து அங்கிருந்து வயலைப் பார்ப்பது அவற்றுக்கு ஒரு சுகம். ஒவ்வொன்றையும் நானே போய் நின்று, காத்திருந்து, கண்ணால் பார்த்துத் தீர்த்தேன். கருவியைத் திருகி அலாரத்தைக் குறைப்பவன் சோம்பேறி, இடத்துக்குப் போய்க் குறைப்பவன்தான் வேலைக்காரன் என்று ஜூனியர்களிடம் நான் மார்தட்டிக்கொண்ட காலம் அது.

அப்படி மார்தட்டியவன் ஒரே ஒரு ஜோனுக்கு மட்டும் போகவில்லை.

பன்னிரண்டாம் ஜோன் நிலையத்தின் பின்பக்கம். அங்கே தினமும் மதியம் ஒரு மணி சுமாருக்கு ஓர் அலாரம் வரும். காலை ஆறிலிருந்து இரண்டு வரை பின்பக்கக் கேபினில் காவல் இருந்தவர் ஏகாம்பரம் என்பவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள். யூனிஃபார்ம் சட்டை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டிருக்கும். அலாரம் அடித்தால் காவலர் போய்ப் பார்த்துவிட்டு வந்து காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஏகாம்பரம் அந்த ஒரு மணி அலாரத்துக்கு எதிரே ஒவ்வொரு நாளும் 'ஆடு' என்று எழுதியிருந்தார். கடிகாரம் பார்த்து வரும் ஆடு எது என்று கேட்டேன். மேய்ச்சல் முடிந்து தண்ணீர் காட்ட அந்த நேரத்துக்குத்தான் ஓட்டி வருவார்கள் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் மேலே கேட்கவில்லை.

பிறகு நான் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்களுக்குக் குழப்பம். அந்தச் சோலார் நிலத்தில் முக்கால் ஏக்கர் ஏகாம்பரத்துடையதாக இருந்தது. விற்றார். விற்றவர்களுக்கு வேலை தருவதாகச் சொன்னபடி அவருக்குக் காவல் வேலை கிடைத்தது. மீதி அரை ஏக்கர் வேலிக்கு வெளியே பன்னிரண்டாம் ஜோனை ஒட்டிக் கிடந்தது. அதில் அவர் மனைவி கன்னியம்மா வேர்க்கடலை போட்டிருந்தார். வேலி வந்த பிறகு அங்கிருந்து மெயின் கேட்டுக்கு வர வேண்டுமென்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு இரண்டு மைல் நடக்க வேண்டும். காவலர்கள் செல்போனைக் காலையிலேயே கேட் ஆபீஸில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது நிலையத்தின் சட்டம். கத்திக் கூப்பிட்டால் கேபினுக்குக் கேட்காது, நடுவில் வரிசை வரிசையாக சோலார் பலகைகள், அவற்றைத் தாண்டி இன்வெர்ட்டர் அறையின் இரைச்சல். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கன்னியம்மா மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வலையைப் பிடித்து மூன்று தடவை ஆட்டுவார். கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று. கேபினில் பஸ்ஸர் அடிக்கும். ஏகாம்பரம் போவார். கேரியரை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்து, ஐந்து நிமிஷம் பேசிவிட்டு அந்த அம்மாள் கடலைக்குத் திரும்பிவிடுவார். நாம் லட்சக்கணக்கில் போட்ட அலாரம் அவர்களுக்கு வாசல் மணி.

சைட் மேனேஜர் இளவயதுக்காரர். நல்லவர்தான், ஆனால் மேலிடத்துக்குப் பயந்தவர். ஒவ்வொரு பொய் அலாரத்துக்கும் காவலரிடம் எழுத்தில் விளக்கம் வாங்கினார். வேலியைத் தொட்டவன் யாராக இருந்தாலும் வேலை போகும் என்று ஒரு சுற்றறிக்கையும் ஒட்டியிருந்தார். வாசல் மணி விஷயத்தை ஏகாம்பரம் வாயைத் திறந்து எப்படிச் சொல்வார்?

கடைசியில் இரண்டு நாள் டெஸ்ட். அந்த இரண்டு நாளும் ஒரு பொய் அலாரம்கூட வரக் கூடாது, வந்தால் கணக்கு முதலிலிருந்து. எல்லா ஜோனும் அடங்கிவிட்டது, அந்த ஒரு மணி ஆடு மட்டும் பாக்கி. எங்கள் ஆபீஸிலிருந்து நாளுக்கு நாலு போன். டெஸ்ட் ஆரம்பிக்கும் காலையில் லேப்டாப்பைத் திறந்து பழைய பதிவுகளை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அழகான ஒரே வடிவம். மெதுவான மூன்று இழுப்பு, இடைவெளி, மறுபடி மூன்று. வெட்டு இப்படி இருக்காது, ஏறுவதும் இப்படி இருக்காது. பன்னிரண்டே முக்காலிலிருந்து ஒன்றே முக்கால் வரை, பன்னிரண்டாம் ஜோனில், இதுபோல மெதுவான இழுப்பாக என்ன வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று சிஸ்டத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். வெட்டினால் ஏறினால் அப்போதும் அடிக்கும். பாதுகாப்பில் ஓட்டையே இல்லை. இப்போது பார்த்தாலும் தொழில்முறையில் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆடு மூன்று தடவை இழுத்து, நிறுத்தி, மறுபடி மூன்று தடவை இழுக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஒரு மணிக்கு அங்கே போய் நின்றிருக்கலாம். அந்தப் பத்து நாளில் ஒரு நாள்கூட நான் ஒரு மணிக்கு வேலியருகே இருந்ததில்லை. அந்த நேரத்தில் நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெயிலில் அலைந்தவனுக்கு ஒரு மணிக்குப் பசிக்கத்தானே செய்யும். அதே ஒரு மணிக்கு இன்னொருவருக்கும் பசிக்கும் என்று தோன்றவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் செய்தேன். என்ன செட்டிங் போட்டோம் என்பதைக் காவலர்களிடம் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களில் யாராவது திருடனுக்கு வழி சொல்லிவிடுவான் என்பது நம் தொழிலின் பழைய வழக்கம். அதனால் சொல்லவில்லை. டெஸ்ட் முடியும்வரை அலாரம் வந்தாலொழிய காவலர்கள் கேபினை விட்டு வேலிப் பக்கம் போகக் கூடாது என்று மேனேஜரிடம் சொல்லி உத்தரவும் போடவைத்தேன். அவர்கள் நடந்து வலையில் இடித்துத் தொலைத்தால் என் எண் கெட்டுவிடுமே.

முதல் நாள் ஒரு மணிக்கு பஸ்ஸர் அடிக்கவில்லை. சாயங்காலம் நான் கேட்டருகே நிற்கும்போது, ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்த ஏகாம்பரம் பக்கத்தில் வந்தார். தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"சார், பின்னால கேபின்ல பஸ்ஸரு நல்லா வேல செய்யுதா?"

நான் நல்ல சந்தோஷத்தில் இருந்தேன். "சூப்பரா வேலை செய்யுது ஏகாம்பரம். உங்களை இனிமே சும்மா சும்மா எழுப்பாது" என்றேன்.

"எழுப்பாதா" என்று சொல்லிக்கொண்டு ஒரு மாதிரிச் சிரித்தார். போய்விட்டார். அன்று மதியம் கன்னியம்மா ஆட்டிவிட்டுக் காத்திருந்து பார்த்து, கேரியரை வேலியின் கல்லுக்காலில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து போனபோதுதான் ஏகாம்பரத்துக்குக் கேரியர் கிடைத்திருக்கிறது. அதனால்தான் அந்தக் கேள்வி. அவரால் நேராகக் கேட்க முடிந்த கேள்வி அது ஒன்றுதான். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் போதும்.

இரண்டாம் நாள் மேனேஜர் என்னை மெஸ்ஸுக்கு அழைத்துப் போய் பிரியாணி வாங்கிக்கொடுத்தார். டெஸ்ட் முடிய இன்னும் நாலு மணி நேரம் இருந்தாலும் அவருக்கு முடிந்த மாதிரிதான். மூன்று மணிக்குத் திரும்பினோம். கேட்டில் எப்போதும் நிற்கும் ஜீப்பைக் காணவில்லை. கேட் காவலர் ஓடி வந்து, பின்னால் கடலைக் கொல்லையில் ஏகாம்பரத்தின் சம்சாரத்தைப் பாம்பு கடித்துவிட்டது என்றார். கண்ணாடி விரியன். ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி வேலியோரம் விழுந்து கிடந்த அம்மாளைப் பார்த்துவிட்டு அந்த இரண்டு மைலும் ஓடி வந்து சொல்லியிருக்கிறாள். ஜீப்பில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லோரையும் போல நானும் ஐயோ பாவம் என்றேன். எந்த இடம் என்று கேட்டேன். பன்னிரண்டாம் ஜோன் என்றார்.

"அங்க எதுக்கு வந்தாங்க?" என்றேன்.

"சோறு குட்த்துட்டுப் போவத்தான் சார். வேலிய ஆட்டுவாங்க, இவுரு போவாரு. அது அவுங்க பெல்லு. எங்க எல்லாருக்கும் தெரியும். உனுக்கும் மேனேஜருக்கும்தான் தெரியாது."

நான் போய் லேப்டாப்பைத் திறந்தேன். சிஸ்டம் எதையும் தூக்கிப் போடாது, கண்டுகொள்ளாமல் விட்டதையும் எழுதி வைத்திருக்கும். ஒன்று எட்டுக்கு மூன்று இழுப்பு, மறுபடி மூன்று. ஒன்று பத்துக்கு மறுபடி. அப்புறம் ஒன்று பதின்மூன்றுக்கு. அதற்குப் பிறகு வந்தவற்றில் மூன்று மூன்று என்ற கணக்கு இல்லை, சும்மா இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியாக ஒன்று முப்பத்தைந்துக்கு ஒன்று. வலையின்மேல் சாய்ந்த மாதிரி, கோட்டில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், நான் சொல்லிக்கொடுத்தபடியே, 'தவிர்க்கப்பட்டது' என்று இருந்தது.

அந்த வயலிலிருந்து வரப்பு வழியாக நடந்தால் கால் மணி நேரத்தில் காவாந்தண்டலம் போகும் தார் ரோடு. ஷேர் ஆட்டோ போகும், பைக் போகும். கடிபட்டவுடன் அந்த அம்மாள் அந்தப் பக்கம் போயிருக்கலாம். வேலியை ஆட்டினால் புருஷன் ஐந்து நிமிஷத்தில் வருவார், கேட்டில் ஜீப் இருக்கிறது என்று நம்பி இந்தப் பக்கம் வந்தார். முதல் நாள் புருஷன் வராததை ஒரு நாள் தப்பு என்று விட்டுவிட்டார் போல. அரை மணி நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அன்று சாயங்காலமே யாருக்கும் சொல்லாமல் அந்த செட்டிங்கை எடுத்துவிட்டேன். டெஸ்ட் பாஸ். மேனேஜர் கைகுலுக்கினார். சான்றிதழில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போய்விட்டேன். ஆறாம் நாள் கேட் காவலர் போன் செய்தார், கிட்னி போய் கன்னியம்மா இறந்துவிட்டார் என்று. சாவுக்குப் போகவில்லை. வேலை இருந்தது என்று எனக்கே நான் காரணம் சொல்லிக்கொண்டேன். விரியன் கடித்தால் சீக்கிரம் போனாலும் பிழைப்பது சந்தேகம்தானே என்றும் சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை டாக்டருக்குத்தான் உண்டு, எனக்கு இல்லை. அந்தப் பதிவை மட்டும் லேப்டாப்பில் தனியாக வைத்திருந்தேன். அழிக்கவும் மனம் வரவில்லை, யாரிடமும் காட்டவும் தைரியம் வரவில்லை.

ஒரு வருடம் கழித்து வருடாந்தரப் பராமரிப்புக்கு அதே நிலையத்துக்குப் போனேன். ஏகாம்பரத்தைக் காணோம். மேனேஜர் அன்று புதுக் காவலர்கள் மூன்று பேருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். டியூட்டியில் தூங்கினால் என்ன ஆகும் தெரியுமா என்று ஆரம்பித்தார். இங்கே ஒருத்தர் இருந்தார், ஏகாம்பரம் என்று பெயர், பெண்டாட்டி பாம்பு கடித்து வேலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறாள், அலாரம் அடித்துக்கொண்டிருக்கிறது, மனுஷன் கேபினில் தூங்கிக்கொண்டிருக்கிறார், அவள் செத்தே போய்விட்டாள் என்றார். அன்று ஓர் அலாரம்கூட இல்லாமல்தான் டெஸ்ட் பாஸ் ஆனது என்பதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை, ஆனால் இதை அவர் கற்பனையாகவும் சொல்லவில்லை. காரியம் முடிந்த மறுநாள் ஏகாம்பரமே ஆபீஸுக்கு வந்து, டியூட்டியில் தூங்கிவிட்டேன், இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் காகிதத்தை மேனேஜர் ஃபைலில் வைத்திருந்து காட்டினார். வளைந்து வளைந்து எழுதிய நாலு வரி.

மனைவியை இழந்தது ஒன்று. என் தப்பைத் தன் தப்பாக எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் ஒரு வருடமாக நடந்துகொண்டிருக்கிறார். ஊரில் அவர் பேர் தூங்கினவன் என்று ஆகிவிட்டது. அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் நான்தான், நான் அங்கே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் மேனேஜரைத் தனியாக அழைத்து லேப்டாப்பைக் காட்டினேன். அவர் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினார். "சார், எல்லாம் முடிஞ்சு போச்சு. இப்ப இதை எடுத்தா உங்களுக்கும் பிரச்சினை, எனக்கும் பிரச்சினை. அவங்க திரும்பி வரப்போறதில்ல" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஒரு வருடமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதையேதான். வேறொரு வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரிந்தது. அன்றே நடந்ததை எல்லாம் எழுதி, பதிவையும் சேர்த்து, எங்கள் ஆபீஸுக்கும் அவர்கள் தலைமை ஆபீஸுக்கும் அனுப்பினேன். விசாரணை என்று ஒன்று நடந்தது. மேனேஜருக்கு எழுத்தில் எச்சரிக்கை, எனக்கும் அதேதான். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்ததால் அதோடு விட்டுவிட்டார்கள். எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது எளிமையானது. ஓர் அலாரத்தை அமுக்குவதற்கு முன்னால், அது வரும் நேரத்தில், அது வரும் இடத்தில் போய் நில்லுங்கள். சாயங்காலம் வசதிப்பட்டபோது போய் நின்றால் போதாது. நமக்குத் தொல்லையாக இருப்பது அந்தப் பக்கம் நிற்பவருக்கு என்னவாக இருக்கிறது என்று தெரியாமல் அதைப் பொய் என்று எழுதாதீர்கள். கருவி சரியாக இருக்கிறதா என்று ஒரு காவலர் கேட்டால், சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பாதீர்கள். உட்காரவைத்து ஏன் கேட்கிறார் என்று கேளுங்கள். அவர் பயந்திருந்தால் அவர் பயப்படாமல் சொல்லும்படியாகக் கேளுங்கள். நான் முப்பது வருடம் கற்றது இவ்வளவுதான், அதையும் கடைசி வருடத்தில் கற்றேன்.

கடிதம் அனுப்பிய மறுநாள் ஏகாம்பரத்தைத் தேடிப் போனேன். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் களத்து வேலைக்குப் போய்விட்டார் என்று கேட் காவலர் சொல்லியிருந்தார். மில் கணக்குப்பிள்ளையிடம் கேட்டதும் களத்தைக் காட்டினார். நல்ல ஆள், ஆனால் ஒரு மாதிரி என்றார். வேலை நேரத்தில் உட்காரவே மாட்டாராம். சாப்பாடுகூட நின்றுகொண்டேதானாம். எத்தனை தடவை சொல்லியும் கேட்பதில்லையாம்.

அவித்த நெல் களம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. ஏகாம்பரம் அதைக் காலால் அளைந்து சால் சாலாகத் திருப்பிக்கொண்டு நடந்தார். இன்னும் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, வாங்க சார் என்றார், கால் நிற்கவில்லை. நானும் களத்து ஓரமாக அவரோடு கூடவே நடந்து எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் செட்டிங் போட்டது, அதை அவரிடம் சொல்லாதது, பஸ்ஸர் நன்றாக இருக்கிறது என்று சொன்னது, லேப்டாப்பில் பார்த்தது, ஒரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தது. சொல்லி முடிக்கும்போது அவர் நடப்பதை நிறுத்தியிருந்தார்.

"அப்ப நானு தூங்கல."

"தூங்கல. நீங்க முழிச்சிக்கிட்டுதான் இருந்தீங்க. பஸ்ஸர்தான் அடிக்கல. அடிக்காதபடி செஞ்சவன் நான்."

"எத்தினி வாட்டி ஆட்டினா சார்?"

குறைத்துச் சொல்லலாமா என்று நினைத்தேன். இந்த மனுஷனிடம் இன்னொரு தடவை ஒரு எண்ணைக் குறைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. பதினொரு தடவை என்றேன்.

அவர் நெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை. என்மேல் கோபப்படுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவர் குரல்கூட உயரவில்லை.

"கண்ணு மூடவே இல்ல சார் அன்னிக்கி. நல்லாத் தெரியும் எனக்கு. இன்னும் சோறு வர்லியேன்னு அந்த பஸ்ஸரு பொட்டியையேதான் பாத்துக்கினு இருந்தேன். ஆனா ஜீப்புல போறப்ப அவ ஆட்டினேன்றா. பஸ்ஸரு நல்லாத்தான் கீதுன்னு நீ சொல்லிக்கீற. ரெண்டு பேரும் பொய் சொல்றவங்க இல்ல. அப்ப தூங்குனவன் நான்தானேன்னு நெனச்சிக்கினேன்."

நான் அவர் பெயரைச் சொல்லி ஏதோ பேச ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரில நாலாம் நாளு நெனவு வந்துச்சி அவளுக்கு. 'இன்னாயா, தூங்கிட்டியா'ன்னு கேட்டா. கோவமா இல்ல, சும்மாதான் கேட்டா. ஆமான்னேன். தூங்கிட்டேன், மன்னிச்சிக்கோன்னு கால புடிச்சிக்கினு சொன்னேன். 'சரி வுடு, உனுக்கும் வயசாயிடிச்சி'ன்னா. அதுக்கப்புறம் பேசவே இல்ல."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு நீ வந்து சொல்லிட்ட சார். அவளுக்கு யாரு போய் சொல்றது?"

வெயில் உச்சிக்கு வருவதற்குள் இன்னொரு தடவை திருப்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு நெல்லுக்குள் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.